ஒரு யூனிட் வீடு

அந்த ஊரில் அவருடைய பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தெருவில் அவர் மீட்டர்காரர். குடிநீர் அலுவலகத்தில் ‘துல்லியம்’ என்று பட்டப்பெயர். இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய், தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து, குனிந்து, எண்ணைப் பார்த்து, ரீடிங் புத்தகத்தில் எழுதுகிறவர். ஒரு நாளும் எட்டை மூன்று என்று படித்ததில்லை. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அடித்தல் திருத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு பொய் இருந்தது என்று சொன்னால் அலுவலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தது. ஒரே ஒரு பொய், அதுவும் பதினோரு வருஷப் பொய்.

அதைத் தோண்டி எடுக்க வந்தவர்கள் இரண்டு கல்லூரி மாணவிகள். தோண்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது, பாவம்.

சுற்றுலாப் படிப்பாம். அப்படி ஒரு படிப்பு இருப்பதே மீட்டர்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஊர் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரை ஆராய்ந்து, வெளியூர்க்காரர்களைச் சுண்டி இழுக்கிற மாதிரி ஒரு கையேடு போடவேண்டும். ஒரு குழுவுக்கு மலை கிடைத்தது, இன்னொரு குழுவுக்குக் கடற்கரை. இவர்களுக்கு இந்த ஊர். இங்கே என்ன இருக்கிறது? ஒரு பிஸ்கட் தொழிற்சாலை, ஒரு பஸ் டிப்போ, ஆற்றின் மேல் இரண்டு பாலம். அதில் ஒன்று பாதியில் நின்றுபோனது. கண்ணாடி போட்ட பெண்தான் தலைவி. இன்னொருத்தி கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டிருந்தாள். மூன்றாவதாக ஒருவனும் குழுவில் உண்டாம். முதல் நாளிலிருந்தே அவனுக்குக் காய்ச்சல். கையேட்டின் அட்டையில் அவன் பெயர் மட்டும் தவறாமல் வந்து நிற்கும், அது வேறு கதை.

கண்ணாடிக்காரி சூட்டிகையான பெண். ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்றால் ஊர்க்காரர்களையே காட்டிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள். தெருத் தெருவாக ஒரு நடைப்பயணம், வழியில் சில வீடுகள், சில மனிதர்கள். அதற்கு எந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, எது பாழடைந்து கிடக்கிறது என்று தெரியவேண்டும். நேரே குடிநீர் அலுவலகத்துக்கு வந்து பழைய ரீடிங்குகளைக் கேட்டாள். அந்த அலமாரியை இதுவரை கரப்பான்பூச்சியைத் தவிர வேறு யாரும் நாடியதில்லை. போன வருஷம்தான் மாற்றலாகி வந்த பெரிய அதிகாரிக்கு வாயெல்லாம் பல். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து, மீட்டர்காரர் சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது இருவரும் வந்து நின்றார்கள்.

“சார், நீங்கதானே துல்லியம் சார்?”

“யாரும்மா சொன்னது?”

“ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன். பன்னெண்டாவது தெரு, கடைசி வீடு. இந்தப் பதினோரு வருஷத்துல அறுபத்தாறு தடவை ரீடிங் எடுத்திருக்கீங்க. அறுபத்தாறு தடவையும் ஒரே ஒரு யூனிட்.”

அவர் கை டிபன் பாக்ஸிலேயே நின்றுவிட்டது. “அதுக்கென்ன?”

“மத்த வீட்டையெல்லாம் பாருங்க சார். ஒம்போது, பதிமூணு, ஏழுன்னு மாறிக்கிட்டே இருக்கு. விருந்தாளி வந்தா ஏறுது, ஊருக்குப் போனா இறங்குது. இந்த வீட்டுல மட்டும் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அங்க யார் சார் இருக்காங்க?”

யாரும் இல்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் புத்தகத்தில் இருப்பது அவர் கையெழுத்து. யாரும் இல்லாத வீட்டில் தண்ணீரை யார் செலவழித்தார்கள் என்பது அடுத்த கேள்வியாக வரும்.

“ஒரு அம்மா இருக்காங்க” என்றார். “தனியா இருக்காங்க. யாரோடயும் பேச மாட்டாங்க. வெளியவும் வர மாட்டாங்க. அங்கெல்லாம் போயி தொந்தரவு பண்ணாதீங்க.”

இதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தார். சுற்றுலாப் படிப்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் கண் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. உடனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரு யூனிட்னா ஆயிரம் லிட்டர். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். அறுபது நாளால வகுத்தா ஒரு நாளைக்குப் பதினாறு லிட்டர் சொச்சம். ஒரு வாளி சார்! குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும் ஒரே வாளி! பதினோரு வருஷமா ஒரு மனுஷி எப்படி சார் தாக்குப்பிடிச்சாங்க?”

துல்லியம் என்று பெயர் வாங்கிய மனிதர், இந்த ஒரு வகுத்தலை மட்டும் பதினோரு வருஷத்தில் போட்டுப் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டாவது தெருக் கடைசி வீட்டில் இருந்தது அவருடைய அக்கா. கூடப் பிறந்தவள், ஐந்து வயது மூத்தவள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் விரிப்புகளைத் துவைத்துப் போட்டு ஓய்வு பெற்றவள். வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்காது. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி தெரிந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. மாடியில் நாற்பது பூந்தொட்டி வேறு. ரீடிங்குக்கு ரீடிங் பதினான்கு யூனிட் ஓடும் அவள் வீட்டில். தனியாள் வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், யார் இல்லை என்றார்கள்?

தம்பி ரீடிங் எடுக்க வருகிற நாளில், ஓரம் உடைந்த ஒரு நீலக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி மீட்டர் மூடிமேல் வைத்திருப்பாள். கோப்பையை எடுக்காமல் மூடியைத் திறக்க முடியாது. “மொதல்ல குடி, அப்புறம் எழுது” என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும். குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம். நிமிர்த்தி வைத்தால் உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்கும், இன்னொரு கோப்பை வரும். இதற்கு அவர்களுக்குள் பேச்சு எதுவும் தேவைப்பட்டதில்லை.

பிறகு மழை பொய்த்துப்போன அந்த வருஷம் வந்தது. ஆறு மணலாகக் கிடந்தது. ஆள் கணக்குக்குத் தண்ணீரை அதிகம் செலவழிக்கிற வீடுகளின் பட்டியலை அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அக்கா வீடு மூன்றாவது. “துல்லியத்தோட அக்கா துல்லியமா மூணாவது எடம்” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மத்தியானமே ஸ்பேனரோடு போனார். நீலக் கோப்பை நிறைந்து இருந்தது. அதைத் தொடக்கூட இல்லை, ஓரமாக நகர்த்திவிட்டு, மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த வால்வைத் திருகி, தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு வருமளவுக்கு அடைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. “ஊரே குடிக்கத் தண்ணியில்லாம கெடக்கு, ஒனக்கு விரிப்பு வெளுக்கணும், பூ பூக்கணும்!” என்று கத்தினார்.

அக்கா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருப்பிக் கத்தவில்லை. “சரிடா தம்பி. நீ எவ்வளவு எழுதறியோ, அவ்வளவுல நான் இருந்துக்கறேன். போ” என்றாள்.

ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது வீடு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. மாடிக் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் அலைந்தார். போனவள் போனவள்தான்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று தடவை ஒரு வீட்டின் எண் நகரவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். துண்டித்த வீடு ஆளில்லாத வீட்டுப் பட்டியலுக்குப் போகும். பிறகு பூட்டை உடைத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அக்கா என்றைக்காவது திரும்பி வந்தால் அவளுக்கு ஒரு கதவு வேண்டாமா? அதனால் முதல் தடவை ஒரு யூனிட் என்று எழுதினார். கடைசி உண்மையான எண் 418. இவர் எழுதியது 419. இரண்டு யூனிட்டுக்குக் கீழே போனால் பில்லே கிடையாது. பில் இல்லாத வீட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படியே ஒவ்வொன்றாகக் கூட்டி, இப்போது புத்தகத்தில் 484.

இதையெல்லாம் அவர் தெருமுனையில் நின்றபடியே எழுதினார். நாய் இருக்கிற வீட்டுக்கும், வெயில் தாங்காத நாளிலும், மற்ற மீட்டர்காரர்கள் இப்படி நின்ற இடத்தில் எழுதுவது வழக்கம். அதற்காக அவர்களை இவர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். அதையே தானும் செய்தார். வெளிக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான், தள்ளினால் திறக்கும். ஆனாலும் உள்ளே போகவில்லை. எண் நகராமல் 418-லேயே நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அக்கா இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் மாணவிகள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கண்ணாடிக்காரி பேசவில்லை. கேமராக்காரிதான் ஆரம்பித்தாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டுக்குப் போனோம்.”

“போகாதீங்கன்னு சொன்னேன்ல?”

“உள்ள போகல சார். கேட்டுக்கு வெளியவே நின்னு கூப்பிட்டோம். அவங்க வரல. ஆனா நீங்க சொன்னது சரிதான் சார், இருக்காங்க. உள்ள வாளிய நகர்த்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு கப்பால மோந்து ஊத்துற சத்தம். ரொம்பக் கொஞ்சமா, ரொம்ப மெதுவா. சிந்திடக் கூடாதுன்னு ஊத்துவோமில்ல, அந்த மாதிரி.”

“பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்” என்றார் மீட்டர்காரர்.

“பக்கத்து வீட்டம்மா எங்க பக்கத்துலதான் சார் நின்னாங்க. அவங்க இங்க குடிவந்து ரெண்டு வருஷமாம், அந்தச் சத்தம் பழகிப் போச்சாம். எலின்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்களாம்.”

கண்ணாடிக்காரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “சார், கையேட்டுல இந்த வீட்டுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கோம். தலைப்பு ‘ஒரு யூனிட் வீடு’. எங்க வாத்தியாருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. வெள்ளிக்கிழமை அவரே நேர்ல பார்க்க வர்றார். உங்க பெரிய அதிகாரியும் கூட வர்றேன்னு சொல்லிட்டார். மீட்டரைத் தொறந்து எண்ணையும் சேர்த்துப் போட்டோ எடுத்துப் போடலாம்னார்.”

கெட்டது குடி. மூடியைத் திறந்தால் 418. புத்தகத்தில் 484. இருபத்தெட்டு வருஷப் பெயர் ஒரே நிமிஷத்தில் சந்தி சிரித்துவிடும். வேலை போகும். அதுகூடப் போகட்டும். அங்கேயே அப்போதே இணைப்பைத் துண்டித்து, ஆளில்லாத வீடு என்று எழுதிவிடுவார்கள்.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள். “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“ஒரு வாளித் தண்ணியில ஒரு ஆளு ஒரு நாளு இருக்க முடியுமா?”

“இதென்ன கேள்வி? எனக்கு அரிசி களையறதுக்கும் பாத்திரம் கழுவறதுக்குமே ஒரு வாளி பத்தாது. குளிக்க வேணாமா? மனுஷங்கதானே?”

அவர் எழுந்து போய்க் குளியலறை வாளியைப் பார்த்துவிட்டு வந்தார்.

பன்னிரண்டாவது தெருவின் ரீடிங் நாள் வியாழக்கிழமை. விடிந்தால் அதிகாரி வந்து நிற்பார். மீட்டரைக் கழற்றி எண்ணை முன்னுக்குத் தள்ளிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டார். இப்படி ஒரு திருட்டு வேலையைத் தன் கை செய்யும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கசிவு பார்க்கிற கம்பியையும் எடுத்துக்கொண்டார். ஒரு முனையில் சின்ன மரக்கிண்ணம் பொருத்திய இரும்புக் கம்பி அது. குழாய்மேல் ஊன்றிக் கிண்ணத்தில் காதை வைத்தால் உள்ளே ஓடுகிற தண்ணீர் கேட்கும்.

நல்ல மத்தியானம். வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் ஒரு காக்கை இல்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு பதினோரு வருஷத்துக்கு அப்புறம் உள்ளே போனார். வாசற்கதவில் அதே பூட்டு, துருவேறி, நிலையோடு ஒட்டிப்போய் இருந்தது. பூட்டிலிருந்து நிலை வரைக்கும் சிலந்தி வலை. அந்த வலையில் தூசி படிந்து துணி மாதிரி தொங்கியது. அந்தக் கதவு வழியாக ஒரு ஈகூட உள்ளே போயிருக்காது. மாடியில் தொட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் வெறும் மண்.

மீட்டர் மூடியைத் தூக்கினார். கண்ணாடியில் அழுக்கு. கட்டை விரலால் துடைத்தார்.

484.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். எட்டை மூன்றாகப் படிக்கிற ஆள் இல்லை அவர். 484-தான். அறுபத்தாறு தடவை தெருமுனையில் நின்று அவர் கற்பனையாக எழுதிய அறுபத்தாறு யூனிட்டும் இந்தக் குழாய் வழியாக நிஜமாகவே உள்ளே போயிருந்தது. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கசிவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கம்பியைக் குழாய்மேல் ஊன்றிக் காதை வைத்தார். ஒன்றும் இல்லை. கசிவு என்றால் சீறும். இங்கே ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. மீட்டருக்குள் இருக்கிற சின்ன நட்சத்திரச் சக்கரம், ஒரு சொட்டுப் போனாலும் சுற்றுகிற சக்கரம், அசையாமல் நின்றது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? பழகிய வேலையைச் செய்வான். அவர் புத்தகத்தைத் திறந்தார். தேதி போட்டார். வழக்கம்போல ஒன்றைக் கூட்டி 485 என்று எழுதினார்.

கடைசி ஐந்தை எழுதி முடித்துப் பேனாவை எடுக்கவும், நட்சத்திரச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

அவர் பின்னால் நகர்ந்து வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளே, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் சன்னமாக ஒரு பாத்திரத்தில் விழுகிற சத்தம். அது நிறைந்ததும் நகர்த்துகிற சத்தம். அடுத்த பாத்திரம். அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. எத்தனையோ தடவை செய்து பழகிப்போன கையாக இருக்கவேண்டும். ஒன்றரை மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முதுகில் வெயில் எரிந்தது. பிறகு சத்தம் நின்றது. எழுந்து போய்ப் பார்த்தார். 485. சக்கரம் நின்றுவிட்டது.

நீ எவ்வளவு எழுதறியோ, அவ்வளவுல நான் இருந்துக்கறேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கான தண்ணீர் அது. அதைப் பாத்திரங்களில் பிடித்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு வாளியாக எடுத்து, சிந்திவிடாமல் மோந்து மோந்து, அடுத்த தடவை அவர் தெருமுனைக்கு வந்து பேனாவைத் திறக்கிற வரைக்கும் காத்திருப்பது. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி பொறுக்காதவள். நாற்பது தொட்டி வைத்திருந்தவள். மாட்டிக்கொள்ளக் கூடாது, பில் வந்துவிடக் கூடாது என்று அவர் ஒன்று, ஒன்று என்று எழுதியது, ஒவ்வொரு தடவையும் அவள் தலையில் போய் விடிந்திருக்கிறது. இரண்டு என்று எழுதியிருந்தால் இரண்டு வாளி. எழுதுவதற்கு என்ன செலவு? ஒரு பேனாக் கீறல். அதைக்கூடச் செய்யவில்லையே பாவி என்று அவர் வாய்விட்டே சொன்னார். உள்ளே இருப்பது அக்காவா, அக்காவின் வேறு எதுவோ, அவருக்குத் தெரியவில்லை. பயம் போகவும் இல்லை. ஆனால் பயத்தை விட வெட்கம் பெரிதாக இருந்தது.

ஸ்பேனரை எடுத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் கையாலேயே அடைத்த வால்வைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். துரு உதிர்ந்தது. முழுவதும் திறக்கிற வரைக்கும் விடவில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, 485-ன் மேல் ஒரு கோடு இழுத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் அடித்தல். பக்கத்தில் 498 என்று எழுதினார். பதினான்கு யூனிட், பழைய கணக்குப்படி. விதிப்படி அடித்தலுக்குக் கீழே கையெழுத்தும் போட்டார்.

சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. உள்ளே எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி இரைச்சல். அவர் மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தெருமுனை வரைக்கும் அந்த இரைச்சல் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய அதிகாரி, மாணவிகளின் வாத்தியார், இரண்டு பெண்கள், பின்னால் மீட்டர்காரர் என்று ஊர்வலமாகப் போனார்கள். பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“மீட்டர்காரரே, நல்ல நேரத்துல வந்தீங்க. நேத்து மத்தியானத்துலேருந்து அந்த வீட்டுல ஒரே தண்ணிச் சத்தம். பத்து வருஷத்துத் துணியச் சேர்த்து வெச்சுத் தொவைக்கற மாதிரி அடியான அடி. எலியெல்லாம் இப்படித் தொவைக்குமா, நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுல யாரும் கண்ண மூடல.”

“தனியா இருக்கறவங்க, அப்படித்தான்” என்று அதிகாரி விஷயம் தெரிந்தவர் மாதிரி சமாதானம் சொல்லிவிட்டுக் கேட்டைத் தள்ளினார்.

வாசற்கதவில் பூட்டு அப்படியே இருந்தது. சிலந்தி வலையும் அறுபடவில்லை. மாடித் தூம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது தொட்டியிலும் மண் கறுத்து நனைந்திருந்தது. கொடியில் ஒரு விரிப்பு, கண் கூசுகிற வெள்ளை. கேமராக்காரி அண்ணாந்து பார்த்தாள். பிறகு பூட்டைப் பார்த்தாள். கேமராவைத் தூக்கப் போனவள் தூக்கவில்லை.

மீட்டர் மூடிமேல், ஓரம் உடைந்த ஒரு நீலக் கோப்பை இருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

“யார் வெச்சது இதை?” என்று அதிகாரி அதை நகர்த்தக் குனிந்தார்.

“சார், தொடாதீங்க” என்றார் மீட்டர்காரர். அதிகாரியிடம் அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. “அது எனக்கு.”

முன்னால் வந்து இரண்டு கையாலும் கோப்பையை எடுத்தார். சில்லென்று இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பிறகு குனிந்து மூடியைத் திறந்து காட்டினார்.

அதிகாரி எண்ணைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். “நானூத்தித் தொண்ணூத்தெட்டு. சரியா இருக்கு” என்றார். பிறகு அந்த அடித்தலைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “என்னய்யா, நீயே அடிச்சுத் திருத்தியிருக்க?”

“தப்பா எழுதிட்டேன் சார். ரொம்ப வருஷமா.”

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாத்தியார் பூட்டைக் கவனிக்காமல் கதவைத் தட்டலாமா என்று கேட்டார். கண்ணாடிக்காரி மட்டும் மீட்டர்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மீட்டர்காரர் மூடியைப் போட்டார். கையிலிருந்த கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்க்காமல், மூடிமேல் நிமிர்த்தி வைத்தார்.

பூட்டிய வீட்டுக்குள் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.